கன்னியர் சபையில் சேருவதற்கு முன் வீட்டில் இருந்தபடியே என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

சிப்புட் மகள் | ஞாயிறு, இரவு 9.50

எல்லாருக்கும் தோத்திரம். வெகுநாளாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு 26 வயது. ஊர் சுங்கை சிப்புட். தாத்தா பாட்டி பால் மரம் வெட்டியவர்கள். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை விட்டு டவுன் பக்கம் வந்துவிட்டோம். அப்பா இன்னும் தோட்டத்தில்தான், பழ லாரி ஓட்டுகிறார். அம்மாவுக்கு இனிப்பு நீர். தம்பி பாலிடெக்னிக்கில் படிக்கிறான். நான் டிப்ளோமா முடித்து ஈப்போவில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறேன்.

கன்னியர் சபையில் சேர வேண்டும் என்ற எண்ணம் உறுதிப்பூசுதல் வாங்கிய காலத்திலிருந்தே மனதில் இருக்கிறது. வேலை, சம்பளம் என்று ஆனால் அடங்கிவிடும் என்று பார்த்தேன், அடங்கவில்லை. பங்குத் தந்தையிடம் சொல்லிவிட்டேன். அவசரப்படாதே, ஜெபி, வீட்டில் இருந்தபடியே உன்னைத் தயார் செய்துகொள் என்றார். ஜெபமாலை இருக்கிறது, முடிந்த நாளில் திருப்பலிக்கும் போகிறேன். அதற்கு மேல் தயார் செய்வது என்றால் என்ன? பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கப் படிப்புக் கடன் பாக்கி இருக்கிறது. வீட்டில் இன்னும் வாய் திறக்கவில்லை, அம்மா மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார். எந்தச் சபை என்றும் முடிவில்லை. உள்ளே போனவர்கள், போய்த் திரும்பியவர்கள், பிள்ளையை அனுப்பியவர்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்கள்.

லூர்து கெபி டீச்சர் | ஞாயிறு, இரவு 11.05

மகளே, நான் ஈப்போ சிலிபின் பக்கம். ஓய்வு பெற்ற ஆசிரியை. துறவு வாழ்க்கையை யோசிக்கும் பிள்ளைகளுக்கான அழைத்தல் முகாம்களில் பல வருடம் சிஸ்டர்களுக்கு உதவியாக இருந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் எந்த மாதிரி வாழ்க்கை என்று பார். சிஸ்டர் என்றதும் நம் ஆள்களுக்குக் கான்வென்ட் பள்ளிக்கூடம்தான் கண்ணில் வரும். அதில் தப்பில்லை. குழந்தை இயேசு சபை சிஸ்டர்கள் 1852-இல் பினாங்கில் வந்து இறங்கியவர்கள். தைப்பிங், ஈப்போ என்று நம் அம்மாக்கள் படித்த கான்வென்ட்கள் அவர்கள் கட்டி வளர்த்தவை. ஆனால் இன்றைக்கு அந்த வகுப்பறைகளில் ஒரு சிஸ்டரைப் பார்ப்பதே அபூர்வம். பள்ளிக்கூடம் நடத்தலாம் என்ற நினைப்பில் போனால் மனம் உடைந்துபோகும். அவர்களுடைய வேலை இப்போது வேறு இடங்களில் இருக்கிறது. அதைப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்.

மரியாளின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சபை 1877-இல் நம் ஊட்டியில் தொடங்கியது. பெட்டாலிங் ஜெயாவில் அசுந்தா மருத்துவமனையை 1954-இல் தொடங்கியவர்கள் அவர்கள்தான். ஏழைகளின் சிறிய சகோதரிகள் செராஸில் ஆதரவில்லாத முதியவர்களோடு ஒரே வளாகத்தில் வாழ்கிறார்கள். மலாக்கா பக்கம் போனால் கனோசியன் சிஸ்டர்கள். இவர்கள் எல்லாரும் வெளியே போய்ச் சேவை செய்கிறவர்கள். சபாவில் கோத்தா கினபாலுவில் இருக்கும் கார்மேல் மடம் முற்றிலும் வேறு. அங்கே ஜெபமே வேலை, வாசலைத் தாண்டுவது அரிது. அப்படி அடைந்து வாழும் மடங்களுக்கு 2018-இல் ரோம் கொடுத்த விதிமுறைப்படி ஆரம்பப் பயிற்சி மட்டுமே குறைந்தது 9 வருடம். உனக்கு எதில் மனம் போகிறது என்று உன்னால்தான் சொல்ல முடியும். பேச்சு கலகலப்பாக இருக்கிறவள் மடத்துக்கும், அமைதியானவள் மருத்துவமனைக்கும் போய் நன்றாக வாழ்ந்ததையும் பார்த்திருக்கிறேன்.

படிகளையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் போய் வந்து பழகும் காலம். பிறகு புகுநிலை, போஸ்டுலன்ட் என்பார்கள். அப்புறம் நவதுறவு, அதாவது நொவிசியேட். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி 17 வயது நிறையாதவரை நவதுறவில் சேர்க்க முடியாது. நவதுறவு குறைந்தது 12 மாதம், இரண்டு வருடத்துக்கு மேல் போகக்கூடாது. அதில் மொத்தமாக மூன்று மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அது செல்லாது. அதை முடித்து முதல் வார்த்தைப்பாடு, அதாவது ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதலுக்கு வாக்குக் கொடுப்பது. அது தற்காலிகம்தான், மூன்றிலிருந்து ஆறு வருடம் வரை, தேவைப்பட்டால் ஒன்பது வரை நீட்டலாம். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு வயது 21 ஆகியிருக்க வேண்டும். ஆக, இன்று மனு கொடுத்தாலும் கடைசி வாக்குக்கு ஐந்தாறு வருடத்துக்குக் குறையாது. வாசலில் கால் வைத்ததும் கதவை மூடிவிடுவார்கள் என்று உன் அம்மா பயந்தால் இந்தக் கணக்கைச் சொல்லு.

இப்போது தயாரிப்புக்கு வருகிறேன். இரண்டு மூன்று சபைகளுக்கு எழுது. வந்து பார்க்கலாமா என்று கேள். சில நாள் தங்கச் சொல்வார்கள். அங்கே போய்ச் சிற்றாலயத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதே. அடுப்படிக்குப் போ. சாப்பிட்ட பிறகு யார் பாத்திரம் கழுவுகிறார்கள், தோட்டக்காரரிடம் எப்படிப் பேசுகிறார்கள், நடக்க முடியாத மூத்த சிஸ்டருக்கு யார் சோறு பிசைந்து கொடுக்கிறார்கள் என்று கவனி. எந்த வீட்டில் வயதான சிஸ்டர்கள் சிரித்த முகமாக இருக்கிறார்களோ அந்த வீட்டை மனதில் குறித்து வை.

மண்டோர் மகன் | திங்கள், காலை 6.20

நானும் கோயிலுக்குப் போகிறவன்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் யாராவது இதைச் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கு இனிப்பு நீர், அப்பா லாரி, தம்பி படிப்பு. வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவருகிற பிள்ளை நீங்கள்.

எங்கள் தோட்டத்திலிருந்தும் ஒரு பெண் போனாள், நல்ல பெண். போன பிறகு அவள் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. டயாலிசிஸுக்கு டவுனுக்குக் கொண்டுபோக வீட்டில் ஆள் இல்லை. லயத்து ஆள்கள்தான் முறை போட்டு வேனில் ஏற்றிப் போனோம். கடைசிவரை அந்த அம்மா மகளை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. பிதாவையும் மாதாவையும் சங்கித்திருப்பாயாக என்பதும் பத்துக் கட்டளையில் ஒன்றுதானே. தம்பி சம்பளம் வாங்கட்டும், பொறுங்கள்.

திரும்பி வந்தவள் | திங்கள், இரவு 8.15

நான் உள்ளே போய் நவதுறவின் பாதியில் திரும்பி வந்தவள். எந்தச் சபை என்று சொல்லமாட்டேன். எனக்கு அவர்கள் மேல் வருத்தம் இல்லை.

தங்கச்சி, உள்ளே எது கஷ்டம் என்று கேட்டால், ஐந்து மணிக்கு எழுந்திருப்பது கஷ்டமில்லை. நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது பழக்கம்தான், அம்மா பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்புக்குப் போகும் நேரத்தில் நாமும் எழுந்துவிடுவோம். ஜெபமும் கஷ்டமில்லை. கூட இருப்பவர்களோடு வாழ்வதுதான் கஷ்டம். எங்கள் தொகுதியில் சபாவின் கடசான் இனப் பெண் ஒருவர், ஒரு சீனப் பெண், ஒரு பிலிப்பினோ, நான். பயிற்சி முழுக்க ஆங்கிலத்தில். எனக்கு ஆங்கிலம் எழுத வரும், ஆனால் மனதில் இருப்பதைச் சொல்ல வராது. வாரம் ஒரு முறை பயிற்சி சிஸ்டரோடு உட்கார்ந்து, இந்த வாரம் உனக்குள் என்ன நடந்தது என்று பேச வேண்டும். தமிழில் என்றால் ஒரு மணி நேரம் பேசுவேன். ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடும். நான் மனம் திறப்பதில்லை என்று அவர் நினைத்துவிட்டார். அதனால் இப்போதிருந்தே தினம் கொஞ்சம் ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதுங்கள். கோபம், பொறாமை, பயம் இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், உள்ளே போனால் பெரிய விஷயம்.

அடுத்தது காசு. கையில் பத்து வெள்ளி வேண்டுமென்றாலும் போய்க் கேட்க வேண்டும். நான் வேலைக்குப் போய்ச் சம்பாதித்து அம்மாவிடம் கொடுத்துப் பழகியவள். கேட்டு வாங்குவது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஏழ்மை என்ற வார்த்தைப்பாடு அங்கேதான் தொடங்குகிறது. வீட்டிலேயே ஒரு மாதம் முழுச் சம்பளத்தையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பஸ் காசுக்குக்கூடக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கைபேசியையும் இரவு எட்டு மணிக்குமேல் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

திரும்பி வருவதைப் பற்றி யாரும் முன்கூட்டியே பேசுவதில்லை, நான் பேசுகிறேன். நவதுறவில் இருப்பவர் எப்போது வேண்டுமானாலும் தாராளமாகப் போகலாம், சட்டமே அப்படித்தான். சபையும் அனுப்பிவிடலாம். தேர்ந்துபார்க்கும் காலம் அது, இருபக்கமும் பார்ப்பதற்காகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் நம் ஊரில் அப்படி யாரும் பார்ப்பதில்லை. நான் வந்து இறங்கிய வாரமே கோயில் வாசலில் 'என்னம்மா, என்ன தப்பு நடந்தது' என்று கேட்டார்கள். ஒரு தப்பும் நடக்கவில்லை. பல மாதம் ஜெபித்து, ஆன்ம வழிகாட்டியோடு பேசி, இந்த வாழ்க்கை எனக்கில்லை என்று தெளிந்து, நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தத் தெளிவு கிடைத்ததே அங்கே போனதால்தான். போகும்போது ஊர் கூட்டி விருந்து வைத்து மாலை போட்டு அனுப்பினால், திரும்பி வரும் வழியை நாமே அடைக்கிறோம். அமைதியாகப் போங்கள். வீட்டார், பங்குத் தந்தை, நெருங்கிய இரண்டு பேர், அது போதும். சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்துவிட்டுப் போங்கள். சபையை விட்டு வருகிறவர் செய்த வேலைக்குக் கூலி கேட்க முடியாது, ஆனால் நியாயத்தோடும் அன்போடும் நடத்த வேண்டும் என்று சபைக்கும் சட்டம் சொல்கிறது. என்னை அப்படித்தான் அனுப்பினார்கள்.

மண்டோர் மகன் அண்ணே, நீங்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் தம்பி சம்பளம் வாங்கட்டும், அப்புறம் தம்பி கல்யாணம், அப்புறம் அவன் பிள்ளைக்குத் திருமுழுக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். பொறுப்பது என்றால் எதுவரைக்கும் என்று வீட்டார் எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒரு காலம் குறிக்க வேண்டும்.

மண்டோர் மகன் | திங்கள், இரவு 9.02

காலம் குறிப்பது சரி. ஆனால் அதைக் குறிக்கும்போது அம்மாவும் கூட இருக்க வேண்டும். பங்குத் தந்தையும் மகளும் சேர்ந்து முடிவு செய்துவிட்டு வந்து தகவல் சொன்னால் அது பேசினதாக ஆகாது.

சிப்புட் மகள் | செவ்வாய், இரவு 10.10

எல்லாரும் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். டயாலிசிஸ் விஷயம் நெஞ்சில் நிற்கிறது. அம்மாவின் மருந்து, அரசாங்க கிளினிக் தேதி எல்லாம் என் தலையில்தான் இருக்கிறது. அதைத் தம்பிக்குச் சொல்லிக் கொடுப்பதுகூட தயாரிப்புதான் என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டு கேள்வி. கடன் இருந்தால் சேர்த்துக்கொள்ளவே மாட்டார்களா? என்னென்ன பத்திரம் எடுத்து வைக்க வேண்டும்? என் ஐ.சி.யில் (அடையாள அட்டையில்) இருக்கும் பெயரும் திருமுழுக்குப் பெயரும் ஒன்றில்லை. திருமுழுக்கு தைப்பிங்கில் கொடுத்தது.

பங்கு மேசை | புதன், மதியம் 1.15

நான் பேராவில் ஒரு பங்கு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இது என் மேசைக்கு வரும் விஷயம், அதனால் பதில் சொல்கிறேன்.

சபைகள் கேட்பது: திருமுழுக்குச் சான்று, உறுதிப்பூசுதல் சான்று, திருமணத் தடை ஏதுமில்லை என்ற உறுதி. முதல் இரண்டும் ஒரே தாளில் வந்துவிடும். எப்படி என்றால், திருமுழுக்குப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயர் பக்கத்திலும் ஓரமாக ஒரு கட்டம் விட்டிருக்கும். பிற்காலத்தில் உறுதிப்பூசுதல் எங்கே நடந்தது, கல்யாணம் எங்கே நடந்தது என்று எந்தப் பங்கிலிருந்து தகவல் வந்தாலும் அந்த ஓரத்தில் ஏற்றுவோம். நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தாலும் அதே கட்டத்தில்தான் எழுத வேண்டும். பழைய பெரிய ஏடுகளைத் திறந்தால் லத்தீனில் பொடிப் பொடி எழுத்தாக இருக்கும். ஆகவே வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழ் உதவாது. அது கொடுத்த அன்றைய நிலவரம் மட்டும்தான். ஓரக் குறிப்புகளோடு புதிதாக எடுக்க வேண்டும், திருமுழுக்கு நடந்த பங்கிலேயே எடுக்க வேண்டும்.

பெயர் பிரச்சினை தோட்டத்து ஆள்களில் பாதிப் பேருக்கு உண்டு. பிறந்ததைப் பதியப் போன தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்ததை ரோமன் எழுத்தில் எழுதினார். கோயிலில் புனிதர் பெயரை எழுதினார்கள். ஐ.சி.யில் அப்பா பெயர் ஒரு மாதிரி, பதிவேட்டில் இன்னொரு மாதிரி. பிறப்புப் பத்திரத்தையும் பெற்றோர் திருமணச் சான்றையும் காட்டினால் இருவரும் ஒருவரே என்று பங்குத் தந்தை கடிதம் கொடுப்பார். இதற்கு நேரம் பிடிக்கும், கடைசி நேரத்தில் ஓடாதீர்கள். நவதுறவகம் வெளிநாட்டில் இருக்கும் சபைகளும் உண்டு. கடப்பிதழுக்கும் விசாவுக்கும் பெயர் ஒரே மாதிரி இல்லாவிட்டால் அங்கேயும் சிக்கல்தான்.

கடன் விஷயம். திருச்சபைச் சட்டம் சொல்வது இதுதான்: கடனில் மூழ்கி அடைக்க வழியில்லாதவரை நவதுறவில் சேர்க்கக் கூடாது. பி.டி.பி.டி.என். அடைக்கவே முடியாத கடன் இல்லை, ஆனால் உள்ளே போன பிறகு உங்களுக்குச் சம்பளம் கிடையாது. மாதம் யார் கட்டுவார்கள்? அப்பா தலையில் விழக் கூடாது. வேலையில் இருக்கும்போதே வேகமாகக் கட்டுங்கள், பாக்கித் தொகையைச் சபையிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

ஊழியர் சேமநிதியில் இருக்கும் பணம் உங்கள் பெயரில்தான் இருக்கும், யாரும் பறிக்க மாட்டார்கள். முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் உங்கள் சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பை நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும், நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்பாவது உயில் எழுத வேண்டும். அது நாட்டுச் சட்டப்படியும் செல்ல வேண்டும். இரண்டு சாட்சி வேண்டும், உயிலில் பங்கு வாங்குபவர் சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது. சேமநிதிக்கு உயில் போதாது, அங்கே தனியாக வாரிசு நியமனம் செய்ய வேண்டும். அம்மா பெயரை இப்போதே போட்டு வையுங்கள். எந்த வேலையில் இருந்தாலும் செய்ய வேண்டியதுதான் அது.

மல்லிகை | புதன், மாலை 5.40

அக்கா, டீச்சர், நானும் கேட்கலாமா? எனக்கு 17 வயது, இந்த வருடம் எஸ்.பி.எம்., ஐந்தாம் படிவப் பரீட்சை. எங்கள் வீடு இந்து. தோழியோடு ஜெபமாலைக்குப் போவேன். எனக்கும் சிஸ்டராக வேண்டும் என்று ஆசை. அம்மாவிடம் சொல்லப் பயமாக இருக்கிறது. சொல்லாமல் ஞானஸ்நானம் வாங்க முடியுமா?

லூர்து கெபி டீச்சர் | புதன், இரவு 7.30

கண்ணு, நீ கேட்டது நல்லதாயிற்று. முடியாது, செய்யவும் கூடாது. 18 வயது ஆகும்வரை பிள்ளையின் மதத்தைத் தாய் தகப்பன் அல்லது பாதுகாவலர்தான் முடிவு செய்வார்கள் என்று நம் கூட்டரசு அரசியலமைப்பின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. அது ஒருபுறம் இருக்கட்டும். உன் அம்மாவுக்குத் தெரியாமல் தொடங்கும் எதுவும் உன்னை நிம்மதியாக ஜெபிக்க விடாது.

இப்போது எஸ்.பி.எம். எழுது. 18 ஆன பிறகும் ஆசை இருந்தால் பங்கில் பெரியவர்களுக்கான மறைக்கல்வியில் சேரலாம். பல மாதம் நடக்கும், பாஸ்கா திருவிழிப்பு இரவில் திருமுழுக்கு கொடுப்பார்கள். அதற்குப் பிறகும் சில வருடம் பங்கில் சாதாரணமாக வாழ்ந்து பழகிய பிறகே சபைகள் உன் மனுவைப் பார்க்கும். உனக்கு இன்னும் நிறைய காலம் இருக்கிறது. அம்மாவிடம் மறைக்கச் சொல்லி யாராவது உன்னிடம் சொன்னால், அவர் சிஸ்டரானாலும் சரி, ஃபாதரானாலும் சரி, அந்தப் பக்கம் போகாதே.

தோட்டத்து அப்பா | வியாழன், இரவு 9.15

என் மகள் முதல் வார்த்தைப்பாடு கொடுத்து இப்போது சேவையில் இருக்கிறாள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, தம்பி மகன் தட்டித் தருகிறான்.

வருடா வருடம் ஜூலை 26-க்குப் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போவோம். அந்த வருடம் வீட்டுக்காரி மகளுக்கு நல்ல வரன் வேண்டும் என்று மெழுகுவத்தி ஏற்றினாள். திரும்பி வரும்போது ரயிலில்தான் மகள் சொன்னாள். வீட்டுக்காரி வீடு வந்து சேரும்வரை பேசவில்லை. நான் கோபப்பட்டேன், ரயில் என்றும் பார்க்கவில்லை. பால் வெட்டி ஓவர்டைம் பார்த்து நகை சேர்த்து வைத்திருந்தோம். அதை யாருக்குப் போடுவது என்று கேட்டேன். பிள்ளை அழுதது, ஆனால் மாறவில்லை.

அப்புறம் மகள் சேர நினைத்த சபையின் தலைவி, மதர், எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். லயத்து வீடுதான் அப்போது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்கள். நான் முதலில் கேட்டது சீதனம் எவ்வளவு என்றுதான். எங்கள் ஆத்தா காலத்தில் மடத்துக்குச் சீதனம் கொடுக்க வேண்டும் என்று கேள்விப்பட்டது. அதெல்லாம் பழைய சட்டத்தில் அடைபட்ட மடங்களுக்கு இருந்தது, இப்போது இல்லை என்றார்கள். அடுத்து நான் கேட்டது, எங்களுக்கு முடியாமல் போனால் பிள்ளையை அனுப்புவீர்களா என்று. அதற்கு அவர்கள் சட்டென்று ஆமாம் என்று சொல்லவில்லை. எங்கள் விதி இப்படி, வருடத்தில் இத்தனை நாள் விடுமுறை, பெற்றோருக்கு ஆபத்து என்றால் இப்படிச் செய்வோம், நிரந்தரமாக வீட்டில் வந்து இருக்க முடியாது என்று உள்ளதைச் சொன்னார்கள். அந்தப் பதிலால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

மகளே, உன் அப்பாவிடம் ரயிலில் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து சொல்லு. சொன்ன அன்றே சம்மதம் கேட்காதே. சபை எது என்று முடிவானதும் அந்தச் சிஸ்டர்களை வீட்டுக்குக் கூட்டி வா. நாங்கள் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

செம்பனைக்காடு | வெள்ளி, காலை 7.00

41 வயது, கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. எனக்கெல்லாம் வாய்ப்பே இல்லையா?

ஒரு சிஸ்டர் | வெள்ளி, இரவு 8.45

பயிற்சிப் பொறுப்பில் இருக்கும் ஒரு சிஸ்டர் நான். சபையின் பெயர் வேண்டாம்.

செம்பனைக்காடு அம்மா, திருச்சபைச் சட்டத்தில் கீழ் வயதுதான் உண்டு, மேல் வயது இல்லை. திருமண பந்தம் நீடிக்கும்வரைதான் தடை, கணவரை இழந்தவருக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் ஒவ்வொரு சபையும் தனக்கென்று வயது வரம்பு வைத்திருக்கும், 41 என்றால் பல சபைகள் தயங்கும். கேட்டுப் பாருங்கள், ஒரு சபை இல்லை என்றால் அதோடு விட்டுவிட வேண்டாம். வீட்டில் இருந்தபடியே வாக்குக் கொடுத்து வாழும் பிரான்சிஸ்கன், கார்மேல் பொதுநிலையினர் சபைகளும் இருக்கின்றன. அது இரண்டாந்தரமான வழி இல்லை.

சிப்புட் மகளுக்கு. எங்களிடம் வரும் பெண்ணிடம் நாங்கள் முதலில் பார்ப்பது ஜெபத்தின் நீளத்தை இல்லை. உடல்நலம், இந்த வாழ்க்கைக்கு ஏற்ற சுபாவம், பக்குவம், இந்த மூன்றையும் பார்க்கச் சட்டமே சொல்கிறது. மருத்துவப் பரிசோதனை இருக்கும். மனநல நிபுணரிடம் அனுப்பினால் அது உங்கள் சம்மதத்தோடுதான். பழைய நோய், மனச்சோர்வு, வீட்டில் நடந்த கசப்பு, முன்பு ஒருவரை விரும்பியது, எதையும் மறைக்க வேண்டாம். இதைச் சொன்னதற்காக யாரையும் திருப்பி அனுப்பியதாக எனக்கு நினைவில்லை. பயத்தாலோ வற்புறுத்தலாலோ ஏமாற்றியோ சேர்க்கப்பட்டால் அந்த நவதுறவே செல்லாது. ஆகவே உங்களை யாரும் தள்ளிவிடவும் கூடாது, நீங்களும் மாப்பிள்ளைப் பேச்சிலிருந்து தப்பிக்க வரக்கூடாது. அம்மா பார்க்கும் வரன் நல்லவராக இருந்தாலும் எனக்கு இந்த வாழ்க்கைதான் வேண்டும் என்று சொல்ல முடிகிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

தினம் திருச்சபையின் காலை, மாலை ஜெபங்களான காலைப் புகழும் மாலைப் புகழும் சொல்லப் பழகுங்கள், தமிழிலேயே சொல்லலாம். ஒரு ஆன்ம வழிகாட்டியை மாதம் ஒரு முறை பாருங்கள். உங்கள் அன்பியத்தில், அதாவது பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேரும் சிறு குழுவில், யாரும் எடுக்காத வேலை ஒன்று இருக்கும், நாற்காலி அடுக்குவது, நோயாளி வீட்டுக்குப் போவது மாதிரி. அதை எடுத்துச் செய்யுங்கள். உங்களைப் பிடிக்காத ஒருவரும் அந்த அன்பியத்தில் கண்டிப்பாக இருப்பார், அவரோடு சேர்ந்து செய்யுங்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்வதை அழைத்தலுக்கு இடைஞ்சலாக எண்ணாதீர்கள். ஊசி போட நேரம் தவறாமல் எழுந்திருக்கும் மகளை எங்களுக்குப் பயிற்சி கொடுப்பது சுலபம்.

வரும் பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறு, நல்லாயன் ஞாயிறு, அழைத்தலுக்காக ஜெபிக்கும் நாள். பங்குகளுக்கு நாங்கள் வருவோம். வெட்கப்படாமல் வந்து பேசுங்கள்.

சிப்புட் மகள் | ஞாயிறு, இரவு 9.30

இன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லிவிட்டேன். அம்மா அழுதார். தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். அப்பா ரொம்ப நேரம் கழித்து, கடன் எவ்வளவு பாக்கி என்று மட்டும் கேட்டார். நானே கட்டி முடித்துவிட்டுத்தான் போவேன் என்றேன். தம்பி படிப்பு முடிந்து வேலையில் சேரும்வரை வீட்டில் இருப்பேன் என்றும் சொன்னேன். அம்மா சரி என்று சொல்லவில்லை, ஆனால் அந்த வரன் வீட்டாரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னார். தம்பி திரும்பி வந்த பிறகு அம்மாவின் கிளினிக் அட்டையைக் காட்டித் தேதி எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். கோபமாகத்தான் கேட்டான், ஆனால் கைபேசியில் குறித்துக்கொண்டான்.

மண்டோர் மகன் அண்ணே, அம்மாவையும் கூட உட்கார வைத்துத்தான் பேசினேன்.

மண்டோர் மகன் | ஞாயிறு, இரவு 9.48

சந்தோஷம்மா. தம்பிக்கு வேன் தேவைப்பட்டால் இங்கே எழுதச் சொல்லு. நானும் சிப்புட் பக்கம்தான்.

பங்கு மேசை | திங்கள், காலை 9.10

தைப்பிங் பங்குக்கு இந்த வாரமே போன் செய்யுங்கள். பிறந்த தேதி, திருமுழுக்கு நடந்த வருடம், அப்பா அம்மா பெயர், ஞானப்பெற்றோர் பெயர் சொன்னால் ஏட்டில் தேடி எடுப்பார்கள். வருடம் சரியாகத் தெரியாவிட்டால் ஞானத்தாயிடம் கேளுங்கள். உறுதிப்பூசுதல் வேறு பங்கில் வாங்கியிருந்தால் அது தைப்பிங் ஏட்டில் ஏறியிருக்கிறதா என்றும் கேளுங்கள். ஏறவில்லை என்றால் முதலில் அதை ஏற்றச் சொல்லிவிட்டு அப்புறம் சான்று வாங்குங்கள். இரண்டு தடவை அலைய வேண்டாம்.